கட்டளைகளைக் கற்றுக்கொடுக்க வருகிறவர்களுக்கு

திடப்படுத்தல் வகுப்பு எடுக்க இந்த வருஷம் புதிதாகப் பெயர் கொடுத்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை என்று மூன்று உங்கள் பொறுப்பில் வருகின்றன. முதல் இரண்டையும் எப்படியும் சமாளித்துவிடுவீர்கள். மூன்றாவதில்தான் திணறுவீர்கள். உங்கள் முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகள் இரண்டு நேரெதிர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். "கட்டளைய மீறினா கர்த்தர் அடிப்பாரு" என்று வீட்டில் ஆச்சி சொல்கிறார்கள். "நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம், நியாயப்பிரமாணமெல்லாம் முடிந்துபோன கதை" என்று யூடியூப் பிரசங்கியார் சொல்கிறார். பிள்ளைக்கு இரண்டுமே வேதவாக்குதான்.

கட்டளைகளுக்கு விசுவாசத்தில் என்ன இடம் என்பதை நீங்கள் முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால்தான் வகுப்பு நடக்கும். எனக்குப் பட்டதைக் கீழே எழுதுகிறேன். கட்டளை பத்து என்பதால் அறிவுரையும் பத்து என்று கணக்கு வைக்கவில்லை.

1. எகிப்திலிருந்து ஆரம்பியுங்கள்.

பத்துக் கட்டளை யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்த 20ஐ அழுத்திச் சொல்லுங்கள். 12இல் பஸ்கா. 14இல் செங்கடல். 16இல் மன்னா. 17இல் கன்மலையிலிருந்து தண்ணீர். 19இல், எகிப்தை விட்டுப் புறப்பட்ட மூன்றாம் மாதத்தில், சீனாய் மலையடிவாரம். அதற்கப்புறம்தான் கட்டளை. பார்வோனுக்குச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த ஜனத்திடம் மோசே போய், "இந்தப் பத்தையும் ஒரு வருஷம் ஒழுங்காகக் கைக்கொண்டு காட்டுங்கள், பிறகு கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் கடைசிவரை செங்கல்தான் அறுத்திருப்பார்கள்.

கட்டளைகளுக்கு முன்னால் ஒரு அறிமுகம் இருக்கிறது. அடிமை வீட்டிலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்தவர் நானே என்று கடவுள் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். நம் பிள்ளைகள் அதைத் தாண்டிவிட்டு நேராகக் கட்டளைக்குள் புகுந்து ஒப்பிக்கிறார்கள். அந்த அறிமுகத்தைச் சொல்லாத பிள்ளைக்கு மீதி அத்தனையும் தப்பில்லாமல் வந்தாலும் உட்காரவைத்து மறுபடி சொல்லச் சொல்லுங்கள்.

இதில் பெரியவர்களுக்குள்ளேயே இரண்டு முறை உண்டு. லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் கட்டளைகள் முதலில், விசுவாசப் பிரமாணம் அடுத்து, ஜெபம் அதற்கும் அடுத்து. தன் நிலைமை தெரியாதவனுக்கு மீட்பரைப் பற்றிச் சொல்லி என்ன பயன் என்பது அவர் எண்ணம். 1563இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வந்த ஞானோபதேசம் மூன்று பாகமாகப் போகிறது: மனிதனுடைய அவலம், மீட்பு, நன்றி. பத்துக் கட்டளையின் விளக்கம் அதில் மூன்றாம் பாகத்தில், நன்றியில் இருக்கிறது. அவலத்தை எதனால் அறிகிறாய் என்று தொடக்கத்தில் கேட்கிற இடத்திலும் நியாயப்பிரமாணத்தால் என்றுதான் பதில். ஆனால் அங்கே பத்தையும் அடுக்காமல், கடவுளிடத்திலும் பிறனிடத்திலும் அன்பு என்று இயேசு சொன்ன சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எது ஏற்றது என்று கேட்டால் நான் ஹைடல்பர்க் கட்சி. ஆனால் ஒவ்வொரு கட்டளையாக விளக்கும்போது லூத்தரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொலை பற்றிய கட்டளைக்கு அவர், அடுத்தவன் உடம்பில் கை வைக்காமலிருந்தால் போதும் என்று விடவில்லை. அவனுக்கு ஒரு கஷ்டம் வரும்போது உதவவும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறார். அந்த இரண்டாவது பாதிதான் நம் ஊரில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

2. எண்ணிக்கைக்காகச் சண்டை போடாதீர்கள்.

கொலை நமக்கு ஆறாம் கட்டளை. கத்தோலிக்கருக்கும் லூத்தரன் சபையாருக்கும் ஐந்தாவது. வேறு தேவர்களும் விக்கிரகமும் அவர்களுக்கு ஒரே கட்டளை. அதற்கு ஈடாக இச்சையை இரண்டாகப் பிரித்து ஒன்பது, பத்து என்று எண்ணுகிறார்கள். யூதர்கள் நான் முன்னே சொன்ன அந்த அறிமுகத்தையே முதலாவதாக எண்ணுகிறார்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூத்தரன் என்பதால் அந்த வழிவந்த சபைகளில் அந்த எண்தான். உங்கள் வகுப்பில் அம்மா லூத்தரன், அப்பா தென்னிந்தியத் திருச்சபை என்று ஒரு பிள்ளையாவது இருக்கும். "எங்க தாத்தா வேற நம்பர் சொல்றாங்க" என்று அது கேட்டால், தாத்தா சொல்வதும் சரிதான் என்று சொல்லுங்கள். வேதத்தில் எண் போட்டு அச்சடித்திருக்கவில்லை.

3. "எல்லாம் முடிந்துபோயிற்று" என்கிறவர்கள் இன்று நேற்று வந்தவர்கள் அல்ல.

இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாட்டையே தள்ளினார். ரோமாபுரி சபை 144இல் அவரைத் தள்ளியது. 1530களில் லூத்தரின் நண்பர் யோகான் அக்ரிகோலா, பத்துக் கட்டளைக்கு உரிய இடம் நகர மன்றம்தான், பிரசங்க பீடம் அல்ல என்ற கட்சியை எடுத்தார். விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு என்று உலகத்தையே உலுக்கிய லூத்தர்தான் அதை 1539இல் எதிர்த்து எழுதினார். கிருபையைப் பற்றி லூத்தரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கிற பிரசங்கியார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பவுலைத்தான் எல்லாரும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். முழுதும் வாசிக்கச் சொல்லுங்கள். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் ஒருவனும் நீதிமானாவதில்லை என்று கலாத்தியருக்கு அடித்துச் சொன்ன அதே பவுல், ரோமர் 7இல் கட்டளையைப் பரிசுத்தமானது என்கிறார்; 13இல் விபசாரம், கொலை, களவு, இச்சை என்று பெயர் சொல்லி எடுத்து, அன்பு இவையெல்லாவற்றையும் நிறைவேற்றுகிறது என்று காட்டுகிறார். கட்டளையால் வாழ்வு சம்பாதிக்க முடியாது என்பது ஒரு பேச்சு. வாழ்வு கிடைத்தவனுக்குக் கட்டளை வேண்டாம் என்பது வேறு பேச்சு. பவுல் முதலாவதைத்தான் சொன்னார்.

உடனே ஒரு பிள்ளை கேட்கும்: "அப்ப லேவியராகமம் 11இல செதிளில்லாதது ஆகாதுன்னு இருக்கே, எறால் சாப்பிடலாமா?" கடற்கரை ஊர்களில் இது கேள்வியே அல்ல, நெருக்கடி. தாமஸ் அக்குவினாஸ் நியாயப்பிரமாணத்தை ஒழுக்கம், சடங்கு, நீதிமுறை என்று மூன்றாகப் பிரித்தார். வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் 1646இல் அதே பிரிவை எடுத்துக்கொண்டது. சடங்கு கிறிஸ்துவில் நிறைவேறிற்று, இஸ்ரவேல் நாட்டின் நீதிமுறை அந்த நாட்டோடு போயிற்று, ஒழுக்கம் நிற்கிறது என்பது அவர்கள் முடிவு. வகுப்புக்கு இது உதவும். ஆனால் வேதத்தில் கோடு கிழித்துப் பிரித்திருப்பதாக நினைத்துவிடாதீர்கள். லேவியராகமம் 19ஐ எடுத்துப் பாருங்கள்: பிறனிடம் அன்பு, செவிடனைத் தூஷிக்காதே, கள்ளத் தராசு வைக்காதே, இரண்டு வகை நூல் கலந்த வஸ்திரம் உடுத்தாதே எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. சபையார் கூடி உட்கார்ந்து, ஜெபித்து, வாதாடித்தான் எது எது என்று தெளிந்தார்கள். அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் நடந்தது அதுதான். இறாலுக்குப் பதில் அப்போஸ்தலர் 10இல், பேதுரு பசியோடு மேல்வீட்டில் கண்ட தரிசனத்தில் இருக்கிறது.

4. மூன்றாம் நான்காம் தலைமுறைச் சாபத்தை உங்கள் வகுப்புக்குள் விடாதீர்கள்.

இதை எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். விக்கிரகம் பற்றிய கட்டளையோடு பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கப்படும் என்று வருகிறதல்லவா, அதை வைத்துக்கொண்டு கன்வென்ஷன் பந்தல்களில் ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையா, மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறதா, கடை நொடித்துப்போயிற்றா, உங்கள் தாத்தா எந்தக் கோவிலுக்கு நேர்ந்துகொண்டார் என்று விசாரணை ஆரம்பித்துவிடும். பிறகு சாபத்தை முறிக்க உபவாசக் கூட்டம், காணிக்கை.

அந்த வசனத்தை முடிவுவரை வாசித்துக் காட்டுங்கள். தண்டனை மூன்று நான்கு தலைமுறை, இரக்கம் ஆயிரத்துக்கு. கணக்குத் தெரிந்தவனுக்கு எது பெரிதென்று தெரியும். பிறகு எசேக்கியேல் 18க்குப் போங்கள். பாபிலோனில் சிறையிருந்தவர்கள், அப்பன் புளித்த திராட்சை தின்ன பிள்ளைக்குப் பல் கூசுகிறது என்று ஒரு பழமொழியைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். இனி அந்தப் பழமொழி உங்கள் வாயில் வரக்கூடாது என்று கடவுள் தீர்க்கதரிசியைக் கொண்டு தடுத்தார். எரேமியா 31இலும் அதே பழமொழிக்கு அதே தடை. கடைசியில் யோவான் 9. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்க, இயேசு இரண்டையும் மறுத்தார்.

உங்கள் வகுப்பிலேயே காது கேளாத தம்பியை உடைய ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் அம்மாவிடம் ஏற்கனவே யாராவது வந்து சாபக் கணக்குப் பார்த்திருப்பார்கள். நீங்கள் வாய் தவறி ஒரு வார்த்தை விட்டால் அது அந்த வீட்டு அடுப்படிவரை போகும்.

இன்னொன்று. "கர்த்தர் எனக்குச் சொன்னார், உங்கள் வீட்டில் ஒரு சாபம் இருக்கிறது" என்று கடவுள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்கிறவர் எந்தக் கட்டளையை மீறுகிறார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கர்த்தருடைய நாமத்தை வீணாக வழங்குவது என்றால் விளையாட்டில் "ஏசப்பா சத்தியமா" என்பது மட்டும்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

5. மாற்கு 10ஐ மெதுவாக வாசிக்க வையுங்கள்.

நித்திய ஜீவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஓடி வந்து முழங்கால்படியிட்ட பணக்காரனிடம் இயேசு கட்டளைகளைத்தான் முதலில் எடுத்துச் சொன்னார். எவற்றைச் சொன்னார் என்று கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள்: கொலை, விபசாரம், களவு, பொய்ச்சாட்சி, வஞ்சனை, தாய்தகப்பன். பிள்ளைகள் எண்ணிவிட்டு, வஞ்சனை பத்தில் இல்லையே என்பார்கள். இல்லைதான். மத்தேயுவிலும் லூக்காவிலும் இதே சம்பவத்தில் அது கிடையாது. மாற்கு மட்டும் எழுதுகிறார்.

பணக்காரனிடம் பேசும்போது அது ஏன் வந்தது என்று யோசிக்க விடுங்கள். அவனுக்கு நிலபுலன் ஏராளம். வேலைக்காரர்கள் இருந்திருப்பார்கள். கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது அடையுமுன் கொடுத்துவிட வேண்டும், அவன் அதை நம்பியிருக்கிறான் என்பது உபாகமம் 24. அறுத்தவனுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்பது யாக்கோபு 5. நம் பக்கத்தில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பீடி சுற்றுகிற அம்மாக்களின் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், நீங்கள் விளக்கவே வேண்டாம். எண்ணிக் கழிப்பது, இலை சரியில்லை என்று தள்ளுவது, சனிக்கிழமை வா என்று இழுப்பது எல்லாம் அவர்களே சொல்வார்கள்.

இவையெல்லாவற்றையும் கைக்கொண்டிருக்கிறேன் என்று அவன் சொன்னபோது இயேசு மறுத்துப் பேசவில்லை, அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்றும் மாற்கு எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் சொத்தை விற்கச் சொன்னது. கட்டளையைக் கையில் எடுக்கிற வாத்தியாருக்கு அந்த வரிசை முக்கியம்.

6. இச்சையைக் கடைசிக் கட்டளை என்று அவசரமாக முடித்துவிடாதீர்கள்.

வகுப்பு முடிகிற நேரம், வெளியே டீயும் பன்னும் காத்திருக்கும், பிறன் பொருளுக்கு ஆசைப்படாதே என்று சொல்லி ஜெபித்து முடித்துவிடுவோம். அந்தக் கட்டளைக்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்கி, 1 இராஜாக்கள் 21ஐ எடுங்கள். நிலத்தகராறு தெரியாத பிள்ளை நம் ஜில்லாவில் இல்லை. ஆகவே அவர்களுக்கு உடனே பிடிபடும்.

ஆகாப் ராஜாவுக்கு அரண்மனையை ஒட்டி நாபோத்தின் திராட்சத் தோட்டம். அதைக் கீரைக்கொல்லையாக்க ஆசை. நல்ல விலைதான் பேசினான்: வேறு நல்ல தோட்டம், இல்லையென்றால் பணம். பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்கமாட்டேன் என்றான் நாபோத். நிலத்தை அறுதியாய் விற்கலாகாது என்ற லேவியராகமம் 25 அவன் பக்கம் இருந்தது. ராஜா கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்து, சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தான். இதுவரைக்கும் நடந்தது வெறும் ஆசைதான். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் இதற்கு வழக்கில்லை.

இதற்குமேல் யேசபேல் பொறுப்பெடுக்கிறாள். ராஜாவின் முத்திரையோடு கடிதங்கள். ஊரில் உபவாசம் கூறச் சொல்கிறாள். ஆம், உபவாசம். நாபோத்தை ஜனத்தின் முன்னே உட்காரவைத்து, அவனுக்கு எதிரே இரண்டு பேரை நிறுத்தி, கடவுளையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்லவைக்கிறாள். மரண வழக்குக்கு ஒரு சாட்சி போதாது, இரண்டாவது வேண்டும் என்பது உபாகமம் 17. அந்த விதி பிசகவில்லை. ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்தார்கள். பெரியவர்கள் முன்னிலையில் எல்லாம் முறைப்படி. ஆகாப் எழுந்து தோட்டத்தைச் சொந்தமாக்கப் போனான்.

எத்தனை கட்டளை உடைந்தது என்று பிள்ளைகள் எண்ணட்டும். இச்சை, பொய்ச்சாட்சி, கொலை, களவு என்று சுலபமாகச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்தால் யாராவது ஒருவன், உபவாசத்தைக் காட்டி ஏமாற்றியதால் கர்த்தருடைய நாமமும் போச்சு என்பான். அவனைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் ஓய்வுநாள் பள்ளிக்கு ஆள் கிடைத்தாயிற்று. வழக்கு விதி ஒன்றும் பிசகாமலே நியாயப்பிரமாணத்தைக் கொன்றுபோடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. மலைப் பிரசங்கத்தில் இயேசு கொலையிலிருந்து கோபத்துக்கும் விபசாரத்திலிருந்து பார்வைக்கும் ஏன் இறங்கிப் போனார் என்பதை நாபோத்துக்குப் பிறகு சொன்னால் ஏறும். முன்னால் சொன்னால், "கோபமே படக்கூடாதா ஐயா?" என்ற வழக்கமான சலசலப்புதான் மிஞ்சும்.

7. தாய்தகப்பனைப் பற்றிய கட்டளையைப் பிள்ளைகளை அதட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

பெற்றோர் உங்களிடம் வந்து, "அந்தக் கட்டளைய நல்லா அழுத்திச் சொல்லுங்க சார், போன கீழ வைக்கமாட்டேங்கான்" என்பார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, மாற்கு 7ஐ வாசியுங்கள். அங்கே இயேசு கடிந்துகொண்டது வளர்ந்த, சம்பாதிக்கிற பிள்ளைகளை. பெற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை என்று சொல்லிவிட்டால் கொடுக்கத் தேவையில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பக்தியைக் காட்டிக் கட்டளையைத் தள்ளுகிறீர்கள் என்றார். கோபுரத் திருப்பணிக்குப் பெரிய தொகை எழுதிக் கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொண்டவருடைய அம்மா, மருந்துக்கு மருமகளிடம் கையேந்துகிறார்கள் என்றால் அது எந்த வசனம் என்று உங்களுக்கே தெரியும். வகுப்பில் யாரையும் குறித்துச் சொல்ல வேண்டாம். கொர்பானை மட்டும் நன்றாக விளக்கிவிடுங்கள். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வார்கள்.

8. ஓய்வுநாளுக்கு வேதம் இரண்டு காரணம் சொல்கிறது; இரண்டையும் சொல்லுங்கள்.

யாத்திராகமம் 20இல் காரணம் படைப்பு. உபாகமம் 5இல் காரணம் எகிப்து: நீயும் அடிமையாயிருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும். நாம் படைப்பை மட்டும் சொல்லிவிட்டு, ஞாயிறு மதியம் கறிக்குழம்பும் பொரியலும் வைக்க வேலைக்கார அம்மாவை மற்ற நாளைவிட ஒரு மணி நேரம் முன்னாடி வரச் சொல்கிறோம். சனியா ஞாயிறா என்று வாதாட யாராவது வருவார்கள். ரோமர் 14ஐக் காட்டி, அவரவர் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

9. விக்கிரகக் கட்டளையை அடுத்த தெருவுக்கு அனுப்பாதீர்கள்.

பொன் கன்றுக்குட்டியைச் செய்தது மீட்கப்பட்ட ஜனம். வார்த்துக் கொடுத்தது ஆரோன் என்ற ஆசாரியர். அதன் முன்னிலையில் அவர் கூறியது கர்த்தருக்குப் பண்டிகை. கட்டளை நம் வீட்டுக்காரருக்குத்தான் கொடுக்கப்பட்டது. பொருளாசை விக்கிரக ஆராதனை என்று கொலோசெயர் 3 சொல்கிறது. கூடப் படிக்கிற பையன் வீட்டுப் பொங்கலைக் கேலி பண்ண உங்கள் வகுப்பில் யாராவது கற்றுக்கொண்டு போனால் நீங்கள் பாடமே எடுக்கவில்லை என்று அர்த்தம்.

10. சாதியைச் சொல்லாமல் கட்டளையைச் சொல்லி முடிக்காதீர்கள்.

யாக்கோபு 2ஐ நாம் வசதியாகப் பணக்காரன் ஏழை என்று மட்டும் விளக்கிவிடுகிறோம். அங்கே பேச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். ஆலயத்தில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதில். ஒருவனுக்கு நல்ல இடம், இன்னொருவனுக்கு நில் அல்லது என் காலடியில் உட்கார். அதிலிருந்து பிறனிடம் அன்பு என்ற ராஜரீக பிரமாணத்துக்குப் போகிறார். பட்சபாதம் பண்ணினால் பிரமாணத்தை மீறினவர்கள் என்கிறார். ஒன்றில் தவறினவன் எல்லாவற்றிலும் குற்றவாளி என்ற புகழ்பெற்ற வசனம் அந்த இருக்கை விவகாரத்தின் நடுவில்தான் வருகிறது. இதை அறியாமலே எத்தனையோ பிரசங்கத்தில் அதைத் தனியாகப் பிய்த்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நம் வரலாறு பிள்ளைகளுக்குத் தெரியட்டும். கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு போக வேண்டும் என்று கடிதம் எழுதினார். தனித்தனியே உட்காருவதும் நற்கருணைக்குச் சாதி வரிசையில் வருவதும் அப்போது வழக்கம். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு. நாம் இன்றைக்கும் உருகி உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். அவர் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை, பாடுங்கள். ஆனால் பாட்டு எழுதுகிற கையும் கட்டளைக்குக் கீழேதான் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக் கத்தோலிக்க ஊரான வடக்கன்குளத்தில், 1872இல் கட்டின கோவிலில் சாதிக்கு ஒன்றாக இரண்டு கூடம், நடுவில் சுவர், பார்ப்பதற்கு மட்டும் ஒரே பீடம். 1910இல் பங்குத்தந்தை அந்தச் சுவரை இடித்தபோது வழக்கு நீதிமன்றம் போயிற்று. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வகுப்பெடுக்கிறவர்கள் வாசித்துவிட்டு வருவது நல்லது. அந்தக் காலத்துப் பூசைக்கு இரண்டு பக்கமும் வந்தவர்கள் கட்டளைகளைத் தெரியாதவர்கள் அல்ல. மனப்பாடமாகத் தெரிந்தவர்கள். களவுக்கும் விபசாரத்துக்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர்கள். சுவர் மட்டும் எந்தக் கட்டளையிலும் அகப்படாமல் நின்றது.

இன்று சுவர் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம், சேகரத் தேர்தலில் எந்தப் பெயருக்கு யார் ஓட்டு, பெண் பார்க்கும்போது "நம்ம ஆளுகதானே?" என்ற கேள்வி, இவையெல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் கேட்டால் மழுப்பாதீர்கள். கமிட்டியார் கூப்பிட்டு விசாரித்தால், யாக்கோபு 2ஆம் அதிகாரம் எடுத்தேன் என்று சொல்லுங்கள்.

11. கட்டளைகளை ஆராதனையில் வைத்தும் பழக்குங்கள்.

1549இல் வந்த இங்கிலாந்து ஜெபப் புத்தகத்தின் நற்கருணை முறைமையில் பத்துக் கட்டளை இல்லை. 1552இல் பேராயர் கிரான்மர் அதைத் தொடக்கத்திலேயே சேர்த்தார். குருவானவர் ஒவ்வொன்றாக வாசிக்க, சபையார் ஒவ்வொன்றுக்கும் இரக்கத்தையும், இதைக் கைக்கொள்ளும் இருதயத்தையும் கேட்பார்கள். பாவ அறிக்கை அதற்குப் பின்னால் வரும். நம் ஆச்சி தாத்தாமார்களுக்குப் பழக்கமான முறை இது. ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்திராஸ்பர்க்கில் கால்வின் நடத்திய ஆராதனையில் பாவ அறிக்கையும் மன்னிப்பும் முதலில். அதற்குப் பின் சபையார் கட்டளைகளைப் பாட்டாகப் பாடினார்கள்.

ஒரு வாரம் கிரான்மர் முறையில் கட்டளைகளை வாசித்துவிட்டுப் பாவ அறிக்கை சொல்ல வையுங்கள். அடுத்த வாரம் பாவ அறிக்கை, மன்னிப்பு, அதன் பின் கட்டளைகள் என்று மாற்றிச் செய்யுங்கள். ஒன்றும் விளக்காமல், இரண்டு வாரத்துக்கும் என்ன வித்தியாசம் தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பேர் போட வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் உண்மையை எழுதுவார்கள். அந்தத் தாள்களைப் பரீட்சைத் தாள்போல் திருத்தி மார்க் போடாதீர்கள். திடப்படுத்தலுக்கு முந்தின வாரம் பிள்ளைகளோடு தனித்தனியே பேச உட்காரும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.